உள்பக்கம் தேய்கிற ஷூ

வாசலில் கழற்றி வைத்த இரண்டு ஷூவும் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. லிங்கேஸ்வரன் குனிந்து இரண்டையும் ஒரு முழம் தள்ளி வைத்தான். அப்போதும் இடதுகால் ஷூ வலப்பக்கமாகவும் வலதுகால் ஷூ இடப்பக்கமாகவும் சரிந்து ஒன்றையொன்று தேடுவது போலவே நின்றன. தரைதான் கோணலோ என்று ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் வட்டமாகத் தேங்கியது.

"வாசல்ல தண்ணிய ஊத்தி என்ன ஆராய்ச்சி அத்தான்?" என்றபடி உள்ளேயிருந்து வந்தாள் அவன் மனைவி மாரிச்செல்வி.

"தரை மட்டமா இருக்கான்னு பாத்தேன்."

"தரைக்கு ஒண்ணுமில்ல. வழுக்கி விழுந்தா எனக்குத்தான் இருக்கு."

அவன் ஒரு ஷூவை எடுத்துத் திருப்பினான். அடிப்பாகத்தின் வெளி ஓரத்தில் கட்டங்கள் நேற்று வாங்கியது போலக் கூர்மையாக இருந்தன. உள் ஓரத்தில், குதிகாலிலிருந்து பெருவிரல் வரைக்கும், ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. நாக்கு போல வழுவழுவென்றிருந்தது. வாங்கி ஆறு வாரம்தான் ஆகிறது. இதற்கு முந்தைய ஜோடியும் அதற்கு முந்தையதும் இதே போலத்தான் போயின. மூன்றும் மூன்று கடையில் வாங்கியவை, மூன்று வேறு கம்பெனி. மூன்றும் பேசி வைத்துக்கொண்டது போல உள்பக்கமே தேய்ந்திருந்தன.

ஷூ போனால் போகட்டும். அவன் கவலை கால். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள் ஓரத்தில், ஓட ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் ஒரு வலி எழும். மூன்றாவது நிமிடத்தில் யாரோ அந்த எலும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலிருக்கும். காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு தாண்டிவிட்டான். அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. இன்னும் முப்பத்தொரு நாளில் திருநெல்வேலியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பொங்கல் சமயத்தில் ஆறு நிமிடம் இருபது நொடியில் ஓடியவன், போன வாரம் ஏழு நிமிடம் இருபத்தாறு நொடியில் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது அவனுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். ஆகவே இது கடைசி. இதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அன்று சாயங்காலமே பஜாருக்குப் போனான். ஒலி முகம்மதின் கடையில் பள்ளிக்கூட ஷூவிலிருந்து கல்யாணச் செருப்பு வரை இருக்கும்.

"பாய், ஓடுததுக்கு ஷூ. நல்லா சப்போர்ட்டா இருக்கணும்."

"சப்போர்ட்டுதானே தம்பி? இந்தா பாருங்க." ஒலி முகம்மது ஒரு பெட்டியைத் திறந்து, ஷூவை எடுத்துக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திக் காட்டினார். விரல் பாதி மறைந்தது. "பஞ்சு. மெமரி ஃபோம். காலை அப்படியே ஏந்திக்கிடும். தலகாணில ஓடுத மாதிரி இருக்கும்."

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தவறிப்போனது. தென்காசியில் யாரிடம் போய் 'சப்போர்ட்' என்று கேட்டாலும் மெத்தென்று இருப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கால் வலிக்கிறது என்றால் கடினமான எதுவோ காலில் குத்துகிறது, மெத்தென்று ஒன்றை வைத்தால் சரியாகிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள கணக்கு. லிங்கேஸ்வரனுக்கும் அதே கணக்குதான். போட்டு நடந்து பார்த்தான். நிஜமாகவே தலையணை மாதிரி இருந்தது. இத்தனை நாள் இது தெரியாமல் இருந்தோமே என்று தோன்றியது.

இரண்டு நாள் சுகம். நாலாவது நாள் குற்றாலம் ரோட்டில் மேலகரம் தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டான். வலி பழைய இடத்தில்தான் இருந்தது. ஆனால் இப்போது இரண்டாவது நிமிடத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

கூட ஓடிய முத்துராஜ் திரும்பி வந்தான். இருவரும் ஒரே பயிற்சி மையம். முத்துராஜுக்கு வயது இருபத்திரண்டு, வாய் அதைவிடப் பெரிசு.

"என்னலே, தலகாணி ஷூ போட்டதும் தூக்கம் வந்துட்டோ?"

"கால் வலிக்குலே."

"ஒனக்குக் கால் வலிக்கலைன்னாத்தான் நான் பயப்படணும்." சிரித்தவன், லிங்கேஸ்வரனின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "ஏலே, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. ஒன் பாதம் தட்டையா இருக்கு. நான் பாத்துட்டேன். டாக்டர்ட்ட கீக்டர்ட்ட போயிராத. சீட்டுல எழுதிட்டாம்னா மெடிக்கல்ல வெளிய தள்ளிருவான்."

அதுவரை லிங்கேஸ்வரனுக்கு ஓட்டம் ஒன்றுதான் பயமாக இருந்தது. அன்றிலிருந்து டாக்டரும் பயமானார்.

லிங்கேஸ்வரனுக்குப் பிழைப்பு மதுரை ரோட்டில் ஒரு டயர் கடையில். வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவன் வேலை. மறுநாள் சுரண்டையிலிருந்து காய்கறி ஏற்றும் ஒரு லோடு வண்டி வந்தது. முன்டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டை.

"நல்ல கம்பெனி டயருதான் போட்டேன் அண்ணாச்சி," என்றார் டிரைவர். "ரெண்டு மாசம் தாங்கல. இதவிட ஒசந்த டயரா ஒண்ணு மாட்டி விடுங்க."

லிங்கேஸ்வரன் வழக்கம் போல உள்ளங்கையை டயர் மேல் வைத்து உள்ளிருந்து வெளியே தடவினான். டயர்க்காரன் முதலில் செய்வது அதுதான். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் கைக்குத் தெரியும். வாயும் வழக்கம் போலச் சொல்லிக்கொண்டே போனது. "டயரு மேல தப்பு இல்ல அண்ணாச்சி. சக்கரம் சாஞ்சு ஓடுது. நீங்க தங்கத்துலயே டயரு போட்டாலும் உள்பக்கந்தான் தேயும். மொதல்ல சாய்மானத்த—"

நிறுத்தினான். டிரைவர் காத்திருந்து பார்த்துவிட்டு, "சாய்மானத்த?" என்றார்.

"சரி பண்ணணும்," என்றான். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். ஏழு வருடமாக ஊராருக்குச் சொல்லும் பாடம். மூன்று ஷூ வாங்கித் தேய்த்தும் தனக்குச் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

சாய்ந்த சக்கரத்தை நிமிர்த்துவதற்கு டயர் கடையில் ஒரு எளிய வழி உண்டு. சில வண்டிகளில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இடத்தில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகுவார்கள். ஷிம் என்பார்கள். ஒரு நூல் கனம்கூட இருக்காது. ஆனால் அந்த ஒரு நூல் சக்கரத்தைச் செங்குத்தாக நிமிர்த்திவிடும். காலுக்கும் அதையே செய்தால் என்ன? மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய டியூப் ஒன்றை வெட்டினான். ஒரு பக்கம் தடிப்பாகவும் மறு பக்கம் மெல்லிசாகவும் சீவி, தலையணை ஷூவுக்குள் குதிகாலின் உள் ஓரத்தில் ஒட்டினான். உள்பக்கம் உயர்ந்தால் கால் உள்ளே சாயாது. யோசனையில் ஒரு குறையும் இல்லை. அன்று சாயங்காலம் வெகுநாள் கழித்து விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மூன்று நாள் ஓடினான். வலி ஒரு இம்மி குறையவில்லை. கூடவே பாதத்தின் உள்பக்கம் கொப்புளம். நாலாம் நாள் ஷூவைப் பிரித்துப் பார்த்தபோது, ஒட்டிய ரப்பர் அப்படியே ஃபோமுக்குள் புதைந்து கிடந்தது. யோசனை சரியாக இருந்தும் பலிக்கவில்லை என்றால், பிறகு எதை நம்புவது? 'அப்போ சாய்மானம் இல்லை. காலே கோளாறு' என்று முடிவு செய்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் பஸ்ஸில் போனான். ஓடுவதற்கு அல்ல. குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்தால் தேவலை என்று யாரோ சொன்னார்கள். சீசன் நேரம். சாரல் விட்டு விட்டுத் தூறியது. ஐந்தருவிக்குக் கீழே, தண்ணீர் ஓடும் பாறை இடுக்கில் ஒரு மணி நேரம் கெண்டைக்காலை நனைத்துக்கொண்டிருந்தான். மரத்துப் போனதில் வலி தெரியவில்லை. எழுந்து கடைகளுக்கு முன்னால் கூரைக்கு அடியில் காய்ந்து கிடந்த சிமெண்டுத் தரையில் நடந்தான்.

குளித்துவிட்டு வருகிறவர்களின் ஈரக்கால் தடம் அந்தத் தரை முழுக்க இருந்தது. ஒவ்வொரு தடத்திலும் குதிகால் ஒரு உருண்டை, முன்பாதம் ஒரு பட்டை, இரண்டையும் இணைத்து வெளி ஓரமாக ஒரு மெல்லிய கோடு. நடுவில் உள்பக்கம் தரை காய்ந்தே இருந்தது. திரும்பித் தன் தடத்தைப் பார்த்தான். வளைவே இல்லை. முழுப் பாதமும் ஒரே ஈரம். அப்பளம் போல.

அவன் காலைப் பார்த்துவிட்டு அவன் தடத்தைப் பார்த்த ஒரு சின்னப் பெண், "அம்மா, இந்த மாமா கால் வாத்து கால்" என்றாள். தாய் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

முத்துராஜ் சொன்னது சரிதான். தட்டைக்கால். ஓடினாலும் மெடிக்கலில் போய்விடும். ஓடாவிட்டால் ஓட்டத்திலேயே போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நனைந்த ஆட்கள் சிரித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்கள். தண்ணீர் இரைச்சலில் தன் மூச்சுகூட அவனுக்குக் கேட்கவில்லை. அதுவே நல்லது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து மாரிச்செல்வியிடம் சொன்னான்: "நான் போகல."

"எங்க?"

"திருநெல்வேலிக்கு. அந்த லெட்டர எங்கயாவது போட்டுரு. என் கண்ணுல படக் கூடாது."

அவள் கடிதத்தை எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். திங்கட்கிழமை வேலைக்கும் போகவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான், அவ்வளவுதான். பயிற்சி மையத்திலிருந்து போன் வந்தபோது எடுக்கவில்லை. எட்டு மாதம் விடியும் முன் எழுந்தவன். அரிசிச் சோற்றை அளந்து தின்றவன். எல்லாம் ஒரு எலும்பின் ஓரத்தில் வந்து முடிந்துவிட்டது. ஒருவன் சோம்பேறியாக இருந்து தோற்றால் தன்னைத் தானே திட்டிக்கொள்ளலாம். உழைத்துத் தோற்றவன் யாரைத் திட்டுவான்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாரிச்செல்வி வேலையிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்தாள். கையில் போன், மறு கையில் கண்மைப் பென்சில்.

"எந்திரிங்க."

"எதுக்கு?"

"சொன்னா எந்திரிங்க. திரும்பி நில்லுங்க."

அவன் நின்றான். அவள் கீழே உட்கார்ந்து அவனுடைய கெண்டைக்கால் நடுவிலிருந்து குதிகால் அடிவரை கண்மையால் நேராக ஒரு கோடு போட்டாள். இரண்டு காலிலும்.

"ஏட்டி, என்ன கூத்து இது? தெருவுல எவனாவது பாத்தாம்னா—"

"பாத்தா திருஷ்டிக்குன்னு சொல்லுங்க. தெரு முனை வர ஓடிட்டு வாங்க. வெறுங்காலோட."

சாரலுக்கு நடுவே அவன் ஓடினான். அவள் பின்னால் நின்று, மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கும்படி போனில் படம் எடுத்தாள். பிறகு இருவரும் வாசலில் உட்கார்ந்து பார்த்தார்கள். கால் காற்றில் இருக்கும்போது கோடு நேராக இருந்தது. குதிகால் தரையில் பட்டதும் கணுக்கால் இருந்த இடத்தில் கோடு மடங்கியது. கெண்டைக்காலின் பாதி ஒரு பக்கம், குதிகாலின் பாதி இன்னொரு பக்கம். மடங்கிய கோடு, அந்தக் கால் தரையை விட்டு எழும் வரை நிமிரவே இல்லை.

"கோடு ஒடியுது பாருங்க," என்றாள் மாரிச்செல்வி. ஏன் ஒடிகிறது என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் யாரிடம் காட்டுவது என்று தெரிந்திருந்தது. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மேல்மாடியில் அஃப்ரின் பிசியோதெரபி பார்க்கிறாள்.

படியேறும்போதே லிங்கேஸ்வரன் சொல்லிவிட்டான். "சீட்டு எதுவும் எழுத வேண்டாம்னு சொல்லு."

அஃப்ரின் வீடியோவை மூன்று முறை பார்த்தாள். பிறகு அவனுடைய எலும்பின் ஓரத்தை மேலிருந்து கீழாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். "ஒரே இடத்துல குத்துதா, இல்ல நீளத்துக்கும் வலிக்கா?"

"நீளத்துக்கும்."

"நல்லது. ஒரே புள்ளியில குத்துச்சுன்னா எலும்புல விரிசல் இருக்கான்னு படம் எடுக்கச் சொல்லிருப்பேன். இப்போ விரல்ல எம்பி நில்லுங்க."

நின்றான்.

"அக்கா, இங்க வந்து பாருங்க," என்று மாரிச்செல்வியைக் கூப்பிட்டாள். தரையில் ஒட்டிக் கிடந்த அவன் பாதத்தில் இப்போது உள்பக்கம் ஒரு வளைவு எழும்பியிருந்தது. ஒரு விரலை நுழைக்கலாம். "இது இறுகிப் போன தட்டைப் பாதம் இல்ல. வளையுத பாதம். நிக்கும்போது தட்டை, எம்புனா வளைவு. மெடிக்கல்ல டாக்டர் என்ன சொல்லுவாருன்னு நான் சொல்ல முடியாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஓடுததுக்கு இது தடையில்ல. சாய்மானந்தான் வலி. இதுக்கு ஓவர்ப்ரொனேஷன்னு பேரு."

அவள் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினாள். அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஓடும்போது குதிகாலின் வெளி ஓரம் முதலில் தரையில் படுகிறது. அடுத்த கணம் பாதம் சற்று உள்ளே உருளுகிறது. அது கோளாறில்லை. வண்டிக்கு ஸ்பிரிங் எதற்கோ அதற்குத்தான் பாதத்துக்கு அந்த உருளல். விழுகிற அடியை அது வாங்கிக்கொள்ளும். பிறகு பாதம் நிமிர்ந்து, இறுகி, பெருவிரலால் தரையைத் தள்ளும். லிங்கேஸ்வரனின் பாதம் உருண்ட பிறகு நிற்பதில்லை. போய்க்கொண்டே இருக்கிறது. நிமிர வேண்டிய நேரத்திலும் சரிந்தே கிடக்கிறது. அதைத் தூக்கி நிறுத்த, கெண்டைக்கால் எலும்பின் உள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தசைகள் ஒவ்வொரு அடிக்கும் இழுக்கின்றன. ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு ஒரு காலுக்கு அறுநூறு தடவை. எட்டு மாதத்துக்கு எத்தனை இழுப்பு! வலிக்காமல் என்ன செய்யும்?

"அதத்தான் நான் ஷிம் வச்சு நிமித்தப் பாத்தேன்," என்று லிங்கேஸ்வரன் டியூப் கதையைச் சொன்னான். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. சிரிப்பாள் என்று நினைத்தான்.

அஃப்ரின் சிரிக்கவில்லை. "எந்த ஷூவுல வச்சீங்க?"

"மெமரி ஃபோம்ல."

"உங்க கடையில ஜாக்கிய எங்க வப்பீங்க?"

"கெட்டித் தரையில."

"ஆத்து மணல்ல வச்சா?"

லிங்கேஸ்வரனுக்குப் புரிந்தது. ஜாக்கி மணலுக்குள் இறங்கும், வண்டி உயராது. யோசனை சரிதான், வைத்த இடம் தவறு. மெத்து ஷூ காலை ஏந்தும் என்று பாய் சொன்னார். சாயாத காலை ஏந்தும். சாய்கிற கால் எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அந்தப் பக்கமே ஃபோம் அமுங்கிக் கொடுக்கும். சாய்வதற்குப் பள்ளம் வெட்டிக் கொடுப்பது போல. நாலாவது நாளே வலி முந்திக்கொண்டு வந்தது அதனால்தான்.

அஃப்ரின் பத்து நாள் ஓடக் கூடாது என்றாள். லிங்கேஸ்வரன் விரல் விட்டு எண்ணினான். தேர்வுக்குப் பத்தொன்பது நாள். பத்தை ஓய்வுக்குக் கொடுத்தால் மிச்சம் ஒன்பது. "அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு" என்று வாய்விட்டே சொன்னான்.

"சைக்கிள் மிதிங்க. மூச்சு எறங்காது. ஓடாம இருந்தா ஒருவேள ஜெயிக்கலாம். இப்படியே ஓடுனா நிச்சயம் தோப்பீங்க," என்றாள் அஃப்ரின். அதற்கு மேல் ஆறுதல் சொல்லவில்லை. ஷூ வாங்கப் போகும்போது கையால் என்னென்ன செய்து பார்க்க வேண்டும் என்று மட்டும் செய்து காட்டினாள். மாரிச்செல்வி கேட்டதற்கிணங்க, சீட்டு எதுவும் எழுதவில்லை.

ஷூக் கடைக்குச் சாயங்காலமாகப் போகச் சொல்லியிருந்தாள் அஃப்ரின். நாள் முழுக்க நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். காலையில் சரியாக இருக்கும் ஷூ ஓட்டத்தில் விரலைக் கடிக்கும். மாரிச்செல்வியோடு கடைக்குள் நுழைந்தவனைப் பார்த்ததும் ஒலி முகம்மது, "தலகாணி எப்படித் தம்பி?" என்றார்.

"தூக்கிப் போட்டுட்டேன் பாய். கெட்டியா ஒண்ணு வேணும். உள்பக்கம் மட்டும் கெட்டி."

"உள்பக்கம் மட்டுமா? மாப்பிள்ளைக்குப் பொண்ணு கேக்குத மாதிரில்ல கேக்கீங்க!" ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார். லிங்கேஸ்வரன் ஒவ்வொன்றிலும் டயர் பார்ப்பது போலக் கை வைத்தான். குதிகாலைச் சுற்றியுள்ள கிண்ணத்தை இரண்டு விரலால் நசுக்கினான். பெரும்பாலானவை காகிதக் கப் போல மடங்கின. முன்னும் பின்னும் பிடித்து வளைத்தான். நடுவில் மடங்கியதையெல்லாம் ஒதுக்கினான். பாதம் மடங்குவது விரல் மூட்டில்தான், நடுவில் இல்லை. துணி பிழிவது போல முறுக்கினான், முறுகியதையெல்லாம் ஒதுக்கினான். பதினோரு ஷூ ஒதுங்கியது. எதுவும் மிச்சமில்லை.

"அவ்வளவுதான் பாய் இருக்கா?"

ஒலி முகம்மது தாடியைத் தடவினார். "ஒண்ணு கெடக்கு. கம்பெனிக்காரன் சாம்பிளுக்குன்னு நாலு ஜோடி தந்தான். மூணு போயிருச்சு, மூணும் திரும்பி வந்துச்சு. கல்லு மாதிரி இருக்குன்னு. அந்த மூணையும் கம்பெனிக்கே திருப்பி விட்டுட்டேன். கடைசிப் பெட்டி மேல் தட்டுல இருக்கு. உங்களுக்குக் காட்டவே கூச்சமா இருக்கு."

பெட்டியில் தூசி. லிங்கேஸ்வரன் ஷூவை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பினான். வெளிப்பக்கத்து ஃபோம் வெள்ளை. உள்பக்கம், வளைவுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் வேறொரு ஃபோம் பதித்திருந்தது. கட்டைவிரலால் வெள்ளையை அழுத்தினான், விட்டுக்கொடுத்தது. சாம்பலை அழுத்தினான், நகம் வெளுத்ததுதான் மிச்சம். அவன் மூன்று நாள் புதைத்துப் பார்த்த ஷிம்மை எவரோ ஷூ செய்யும்போதே அடியில் வைத்துத் தைத்திருந்தார்கள்.

ஆனால் அளவு பத்து. அவன் காலுக்கு ஒன்பது.

"ஒம்பது இல்லையா பாய்?"

"இது ஒண்ணுதான்."

அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் நீர் வந்துவிடும் போலிருந்தது. கடை ஆள்கூட்டத்துக்கு நடுவே அதை எப்படி மறைப்பது என்று தரையைப் பார்த்தான். மாரிச்செல்விதான், "போட்டாவது பாருங்களேன். வாங்காம போனாலும் அளவு தெரியுமே" என்றாள்.

போட்டு எழுந்து நின்றான். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது. அஃப்ரின் சொன்ன அளவு அதுதான். இத்தனை வருடம் அவன் போட்டதெல்லாம் ஒரு அளவு சிறிசு. ஆனால் நடந்தால் குதிகால் மேலும் கீழும் நழுவியது. ஒலி முகம்மது குனிந்து, கணுக்காலுக்குப் பக்கத்தில் யாரும் கயிறு கோக்காத கடைசி ஓட்டையைக் காட்டினார்.

"இது எதுக்குன்னு எல்லாரும் கேப்பாங்க தம்பி. இங்கன பாருங்க. கயிறை அதே பக்கத்து ஓட்டைக்குள்ள விட்டுச் சின்ன வளையம் பண்ணணும். எதிர்ப்பக்கத்துக் கயிறை அந்த வளையத்துக்குள்ள விட்டு இழுக்கணும். இழுங்க."

இழுத்தான். குதிகால் கிண்ணத்துக்குள் அழுந்தி உட்கார்ந்தது. பஜாரில் ஆட்கள் வழிவிட, கடைக்கு முன்னால் இருபது அடி ஓடித் திரும்பினான். சுகம் ஒன்றுமில்லை. தலையணை மாதிரியும் இல்லை. ஆனால் கால் எங்கேயோ போக நினைத்து, போக முடியாமல் நின்றது போலிருந்தது.

பத்து நாள் மாரிச்செல்வியின் சைக்கிளில் குற்றாலம் வரை மிதித்தான். முத்துராஜ் எதிரே ஓடி வந்து, "ஏலே, பால்காரரா போயிட்டியா?" என்பான். இவன் மணியை அடித்துவிட்டுத் தாண்டிப் போவான். நம்பிக்கை இருந்ததால் மிதித்தான் என்று சொல்ல முடியாது. மிதிக்காமல் வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவோம் என்ற பயத்தில் மிதித்தான். பதினோராம் நாள் ஒரு கிலோமீட்டர் ஓடினான். இரண்டாவது நிமிடம் வந்தது. மூன்றாவது வந்தது. வலி வரவில்லை. வரும், இதோ வரும் என்று காத்துக்கொண்டே ஓடியதில் தன் வேகத்தைப் பார்க்க மறந்துபோனான். மாரிச்செல்வி மறுபடி கண்மையால் கோடு போட்டுப் படம் எடுத்தாள். கோடு சற்றே மடங்கியது, பிறகு நிமிர்ந்தது.

திருநெல்வேலி மைதானத்தில் அன்று காலையிலேயே வெயில். கயிறு கட்டிய கோட்டுக்குப் பின்னால் மார்பில் எண் குத்திய இளைஞர்கள் வரிசை. லிங்கேஸ்வரனுக்கு மூச்சு முதல் சுற்றிலேயே திணறியது. ஓடாத பத்து நாள் சும்மா போகவில்லை. இரண்டாவது சுற்றில் பின்னால் இருந்தவர்கள் தாண்டினார்கள். மூன்றாவது சுற்றில் தொண்டையில் ரத்த வாடை. இந்த வேகத்தில் ஏழு நிமிடம் தாண்டிவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. பயிற்சியில் எத்தனையோ முறை அவன் இந்தச் சுற்றில்தான் நின்றிருக்கிறான், எலும்பு வலி தாங்காமல். இப்போது நிற்க ஒரு காரணம் தேடினான். கால் வலிக்கவில்லை. வேறு காரணம் இல்லாததால் ஓடினான். கடைசி நூறு மீட்டரில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

ஆறு நிமிடம் ஐம்பத்தாறு நொடி.

புல்லில் குப்புறக் கிடந்தவனை வந்து புரட்டியது முத்துராஜ். அவன் ஆறு நிமிடத்திலேயே வந்துவிட்டிருந்தான். "நாலு செகண்டுலே! நீ செத்துட்டியோன்னு நெனச்சேன்."

"மெடிக்கல் இன்னும் இருக்குலே," என்றான் லிங்கேஸ்வரன். அவனால் சிரிக்க முடியவில்லை. அந்தக் கதவு திறக்குமா என்று அவனுக்குத் தெரியாது. எம்பிக் காட்டச் சொன்னால் எம்பிக் காட்டுவான்.

"அது கெடக்கட்டும். என்னலே பண்ணுன? ஊசி கீசி போட்டியா?"

லிங்கேஸ்வரன் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பிறகு சொன்னான்:

"கால் உள்ள சாயுதவனுக்கு மெத்து ஷூ ஆகாதுலே. உள்பக்கம் அழுத்துனா கெட்டியா இருக்கணும், குதிகால் கிண்ணம் நசுங்கக் கூடாது, விரல்கிட்ட மட்டும் மடங்கணும், முறுக்குனா முறுகக் கூடாது. சாயங்காலமாப் போயி, பெருவிரலுக்கு முன்ன ஒரு கட்டைவிரல் எடம் இருக்கான்னு பாரு. கடைசி ஓட்டையில வளையம் போட்டு இழுத்துக் கட்டு. அப்புறம் ஓடிப் பாரு. எங்கயும் உறுத்தலைன்னா, அதான் ஷூ."